ஒட்டி வாழும் உயிர்கள்: இரைப்பைப் பற்றீரியாவும் ஆய்வுகூடச் சூழலும்

ஒரு பொருளை அதன் சூழலினின்றும் பிரித்தெடுத்துத் தனியே வைத்து நோக்கினால் அதன் உண்மை இயல்பு புலப்படும் என்னும் நம்பிக்கை, இலக்கியத் திறனாய்விற் போலவே அறிவியலிலும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. படைப்பை மாத்திரம் நோக்கினாற் போதும், படைத்தவனும் காலமும் வேண்டா என்பாரை நாம் நன்கறிவோம். இந்நம்பிக்கையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டவல்ல எடுத்துக்காட்டாக, மனித இரைப்பையில் வாழும் எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியாவை இங்கு எடுத்துக்கொள்கிறோம். துறை எமதன்று, ஆயினும் பிரச்சினை எமக்கு அந்நியமானதன்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரொபேட் கொக் முதலியோர் ஓரினப் பற்றீரியாவை ஏனையவற்றினின்றும் பிரித்து வளர்க்கும் முறையை நிலைநிறுத்தினர். காசநோய்க்குரிய பற்றீரியாவை 1882இல் அவர் இனங்காட்டியமை இம்முறையின் பேறாகும். அதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் குடுவைத் திரவத்தில் மிதந்து பெருகும் தனிக்கலமே பற்றீரியாவின் இயல்பான வடிவம் என்ற எண்ணமும் அதனுடன் வளர்ந்தது. இயற்கையிற் பெரும்பாலான பற்றீரியாக்கள் ஏதேனுமொரு மேற்பரப்பில் ஒட்டி, தாமே சுரந்த பசைப்பொருளுள் கூட்டமாக வாழ்கின்றன என்பதை 1978இல் கொஸ்ரேட்டனும் அவருடன் ஆய்வு செய்தோரும் வலியுறுத்தினர். அத்தகைய கூட்டமைப்பே உயிர்ப்படலம் எனப்படுவது. ஆற்றுக்கல்லின் வழுக்கலும் துலக்காத பல்லின் படிவும் நாம் நாளாந்தம் காணும் உயிர்ப்படலங்களே. கண்ணெதிரே கிடந்த ஒன்று ஆய்வுமுறை காரணமாகவே கருத்திற் படாது போயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

எலிக்கோபற்றரின் வரலாறும் இத்தகையதே. அமிலம் நிறைந்த இரைப்பையில் எவ்வுயிரும் நிலைத்து வாழாது என்பது பொதுக்கருத்தாயிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன் 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். அவருடன் சேர்ந்த பரி மார்சல் அவற்றை வளர்க்க முயன்றபோது தொடக்கத்திற் பயனேதும் கிட்டவில்லை. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாள்களில் அகற்றிவிடுவது வழக்கம். 1982இன் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது தட்டுகள் ஐந்து நாள் வரையில் கிடந்தன. பற்றீரியாக் குடியிருப்புகள் தோன்றின. ஆய்வுகூட ஊழியரின் விடுமுறையும் அறிவியலின் ஒரு நிபந்தனையாயிற்று! இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்பற்றீரியாவை வளர்த்தல் இன்றும் எளிதன்று. 37 பாகை செல்சியசு வெப்பநிலையும், ஏறத்தாழ 5 சதவீத ஒட்சிசனும் 10 சதவீத காபனீரொட்சைட்டும் கொண்ட வளியும் அதற்கு உகந்தவை. சாதாரண வளியிலுள்ள ஒட்சிசன் அதற்கு மிகை. இரைப்பையிலோ அது யூரியேசு என்னும் நொதியத்தாற் யூரியாவைச் சிதைத்து, விளையும் அமோனியாவால் தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது.

ஆய்வுகூடத்தில் இது உயிர்ப்படலம் அமைப்பதை 1999இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. திரவமும் வளியும் சந்திக்கும் எல்லையில், கண்ணாடிச் சுவரையொட்டி, அப்படலம் உருவாயிற்று. பின்வந்த ஆய்வாளர் கைக்கொள்ளும் முறை எளியது. சிறு பிளாத்திக்குக் குழிகளில் ஊடகத்தையும் பற்றீரியாவையும் இட்டு மூன்று நாளளவில் வைத்திருப்பர். மிதப்பனவற்றைக் கழுவி அகற்றுவர். ஒட்டியிருப்பதைப் பளிங்கு ஊதாச் சாயத்தால் நிறமூட்டி, நிறத்தின் செறிவை அளப்பர். சாயம் உயிருள்ள கலத்தையும் இறந்த கலத்தையும் வேறுபடுத்துவதில்லை. ஆதலின் அவ்வெண் படலத்தின் பருமனைக் கூறுமேயன்றி அதன் வாழ்வைக் கூறாது.

வளர்ப்பூடகத்திற் சேர்க்கப்படும் கன்றுக் கருவின் சீரம் பற்றிய செய்தி எமக்குச் சிறப்பாக முக்கியமானது. 2018இல் வெளியான ஆய்வொன்றில், 10 சதவீத சீரத்தில் மெலிந்த படலத்தையே அமைத்த பற்றீரியா, சீரம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது செறிந்த படலத்தை அமைத்தது. நீந்துவதற்குரிய உறுப்பென நாம் கருதும் சவுக்குமுளைகள் அப்படலத்துள் கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையாக அமைந்திருந்தமையும் அறியப்பட்டது. அலைந்து திரிவதற்கான கருவியே தங்கி வாழ்வதற்கான கட்டுமானமாகிறது. ஆயின் எல்லாவற்றையும் சூழலே தீர்மானிக்கிறது என்று முடிவுகட்டுதல் பொறிமுறைவாதமாகும். யப்பானில் ஆராயப்பட்ட பிறிதொரு வகை 7 சதவீத சீரத்திலேயே வலிய படலத்தை அமைத்தது; அதன் புறமென்றகட்டிலிருந்து கழன்ற நுண்ணிய பைகளே அங்குப் பசைப்பொருளின் முதன்மைக் கூறாயிருந்தன. ஒரே இனத்தின் வகைகள் ஒரே சூழலுக்கு ஒரேவகையாக எதிர்வினையாற்றுவதில்லை.

இரைப்பைச் சீதத்தின் முக்கிய கூறான மியூசினை ஊடகத்திற் சேர்த்து 2004இல் நடத்திய சோதனையில், ஒட்டி வாழ்வனவற்றை நோக்க மிதந்து வாழ்வனவற்றின் பங்கு கூடியது. அவ்வாறாயின் உயிர்ப்படலம் பிளாத்திக்குக் குழியின் விளைபொருள் மாத்திரந்தானா? இவ்வையம் நியாயமானது. ஆயினும் நோயாளரின் இரைப்பைத் திசுவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியோர் 2006இல் அங்கும் அத்தகைய படலங்களைக் கண்டதாக அறிவித்தனர். குழியும் இரைப்பையும் ஒன்றல்ல; ஒன்றுக்கொன்று முற்றிலும் தொடர்பற்றவையுமல்ல.

பற்றீரியாக்கள் கூடி வாழ்கின்றன என்றதும் அதிற் பொதுவுடைமையைக் காண விழையும் நண்பர் எம்மிடையே உளர். மனித சமுதாயத்தின் போட்டிக் கோட்பாட்டை இயற்கைமீது ஏற்றிப் பின் அதனையே இயற்கை விதியெனச் சமுதாயத்துக்குத் திருப்பிக் கொணர்வதை எங்கெல்சு 1875இல் இலவுரோவுக்கு எழுதிய கடிதத்திற் கண்டித்தார். ஒத்துழைப்பை அவ்வாறு ஏற்றுவதும் அதே தவறே.

நடைமுறையில் இதன் பொருள் வேறிடத்திலுள்ளது. ஒரு மருந்து எவ்வளவிற் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது பெரும்பாலும் படலமாக அமையாத கலங்களைக் கொண்டே கணிக்கப்படுகிறது. எலிக்கோபற்றருக்கு எதிராக வழங்கப்படும் கிளரித்துரோமைசினுக்கு, படலமாய் வளர்ந்தவை மிதப்பனவற்றினும் குறைவாகவே பணிந்தன என்பதும், அம்மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் படலத்திற் கூடுதலாகத் தோன்றின என்பதும் 2013இல் வெளியிடப்பட்டன. சிகிச்சை தவறும்போது நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று கூறுவது எளிது. அது சிலவேளை உண்மையுமாகும். ஆனால் மருந்து எந்நிலையிலுள்ள பற்றீரியாமீது அளக்கப்பட்டது என்ற வினா அதற்கு முன்னர் எழவேண்டும். இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடையே பரவுகிறது; நெருக்கமான வீடுகளிலும் தூய நீரற்ற இடங்களிலும் மிகுதியாயுள்ளது. அந்நிபந்தனைகள் எந்தக் குடுவையிலும் இடப்படுவதில்லை.