நர்ஸ் ஆகப் போறீங்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!



போன வாரம் எங்கள் வகுப்பில் டீச்சர், "பிளஸ் டூ முடிச்சிட்டு என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். நர்சிங் என்று கை தூக்கியவர்கள் 9 பேர். அதில் நானும் ஒருத்தி. "சரி, எந்த நர்சிங்? எங்கே? எவ்வளவு ஆகும்?" என்று டீச்சர் அடுத்த கேள்வி கேட்டதும் கை எல்லாம் மெதுவாகக் கீழே இறங்கிவிட்டது. என் கையும்தான்!

அன்று சாயங்காலமே என் அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை 14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறார்கள். முதலில் ஆஸ்பத்திரி வார்டு, இப்போது நர்சிங் கல்லூரியில் டீச்சர். அவர்கள் சொன்னதையும், நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

"ஏட்டி, நர்ஸ் ஆகணும்னு ஆசைப்பட்டா மட்டும் போதாது. எந்த வாசல் வழியா உள்ள போறோம்னு பாக்கணும்" என்றார்கள் அத்தை. ஏனென்றால் வாசல்கள் நிறைய இருக்கின்றன.

ஏ.என்.எம். என்பது 2 வருடம். கிராமத்தில் தடுப்பூசி போடும் அக்காமார் இதைப் படித்தவர்கள். ஜி.என்.எம். 3 வருட டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னால் 2 வருடம் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டதாரி ஆகலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. 2 வருடம். அரசுக் கல்லூரி இடங்களுக்கு இதுவரை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சிலிங் நடக்கிறது. ஆகவே கெமிஸ்ட்ரியை ஒதுக்கி வைக்கிறவர்கள் கவனிக்கவும்! பையன்களும் சேரலாம். சிரிக்கிறதுக்கு ஒன்றுமில்லை.

படித்து முடித்தவுடன் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 1926-ஆம் வருடச் சட்டப்படி வந்த குழுமம் இது. அந்தப் பதிவு எண் இருந்தால்தான் நீங்கள் நர்ஸ். இல்லாவிட்டால் எத்தனை வருடம் ஊசி போட்டிருந்தாலும் கணக்கில் வராது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார்கள். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து "ஒரு வருட நர்சிங் பயிற்சி, 100 சதவீதம் வேலை" என்ற இடத்தில் அந்த அக்கா சேர்ந்தார்கள். கம்மலை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள். வெள்ளை யூனிபார்ம், தொப்பி, போட்டோ எல்லாம் உண்டு. முடித்துவிட்டுப் பதிவு செய்யக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது, அந்தச் சான்றிதழைக் குழுமம் எடுத்துக்கொள்ளாது என்று. இப்போது ஒரு சின்ன கிளினிக்கில் சீட்டு எழுதுகிறார்கள். நல்ல அக்கா, கையும் ராசியான கை. ஆனால் மறுபடி முதலாம் வருடத்திலிருந்து படிக்கப் பணம் இல்லை. கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. பிளஸ் டூ தொழிற்பிரிவில் நர்சிங் படித்தாலும் அது நேராகப் பதிவுக்கு ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக, கல்லூரிக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது: இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் மாநிலக் குழுமத்தின் அங்கீகாரமும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா? (1947-ஆம் வருடச் சட்டத்தில் அமைந்த இந்தக் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் அமைக்க 2023-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.) இரண்டாவது கேள்வி: கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, இல்லை பிள்ளைகளை எங்கேயாவது வேனில் கூட்டிக்கொண்டு போவார்களா?

இப்போது வேலைக்கு வருவோம். நம் காலனியில் சிப்ட் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாமார் நைட் சிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும்போது சத்தம் போடாமல் நடக்கப் பழகியவர்கள் நாம்! நர்சுக்கும் அதே கதைதான். அடுத்த சிப்ட் ஆள் வராவிட்டால் வார்டை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாதாரண வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது கவுன்சிலின் அளவு. அத்தை வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி 38 பேருக்கு அத்தை ஒருத்திதான். "நம்ம பக்கம் ஒரு வார்டுல நாலு முருகன் இருப்பாவ. ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு ஒரு முருகனுக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துக்கிட்டு இன்னொரு முருகன் கட்டிலுக்குப் போயிட்டேன். கையைத் துடைச்சாச்சு. அவரு முழிச்சு, 'எனக்கு இப்பத்தானம்மா போட்டீக'ன்னாரு. அன்னைக்கு எனக்குக் கால் ஆடிப்போச்சு" என்றார்கள். அதிலிருந்து பேர், அப்பா பேர், உள்நோயாளி எண் மூன்றையும் பார்க்காமல் ஊசியைத் தொடுவதே இல்லையாம். இன்று தன் மாணவிகளுக்கு முதல் பாடமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று ஊசிக்குத்து. போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. அப்படி மாட்டும்போதுதான் நம் விரலில் குத்தும். முதல் வருடமே ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ள வேண்டும். குத்திவிட்டால் பயந்து மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டு விழும் என்று மறைக்கிற பிள்ளைகள் உண்டாம்.

சம்பளம்? 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் என்றது. கேரளத்தில் நர்சுகள் போராடி 2018-இல் புதிய குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு வாங்கினார்கள். அத்தை முதல் வேலையில் சேர்ந்தபோது வாங்கியது அதில் கால்வாசிகூட இல்லை. அதோடு 2 வருட பாண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவில். நல்ல இடத்தில் வேலை கிடைத்தும் அத்தையால் போக முடியவில்லை. "சர்டிபிகேட்டைக் காட்டு, ஜெராக்ஸ் குடு, ஒரிஜினலைக் குடுக்காத" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார்கள்.

அரசு வேலை என்றால் உடனே நிரந்தரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ் இடங்களுக்குப் பரீட்சை வைத்தது. பாஸ் பண்ணிச் சேர்ந்தவர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் 14,000 ஆனது. கொரோனா காலத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கைதட்டியது நாம் எல்லோரும்தான்!

சரி, வெளிநாடு போய்விடலாமா? அத்தையிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி இதுதான். உலகம் முழுக்கச் சுமார் 58 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. ஆள் தேவைதான். ஆனால் அத்தை ஈராக் கதையைச் சொன்னார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை; எனக்கு ஒன்றும் தெரியாது.

2014 ஜூன் மாதம் ஈராக்கில் திக்ரித் நகரத்தை ஐ.எஸ். தீவிரவாதிகள் பிடித்துவிட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் மாட்டிக்கொண்டார்கள். 45 பேர் கேரளம். ஒருவர் நம்ம தூத்துக்குடி! வெளியே குண்டுச் சத்தம். ஜூலை 3-ஆம் தேதி அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மொசூலுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். ஜூலை 5-ஆம் தேதி எர்பிலிலிருந்து தனி விமானத்தில் 46 பேரும் கொச்சி வந்து இறங்கினார்கள். இதை வைத்து 2017-இல் 'டேக் ஆஃப்' என்ற மலையாளப் படமே வந்தது.

படத்தை விட என்னைப் பாதித்தது வேறு. குண்டு விழும் ஊரிலிருந்து ஊருக்கு வரவே சிலர் தயங்கினார்களாம். ஏன்? லட்சக்கணக்கில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே பல மாதச் சம்பளம் பாக்கி. வெறுங்கையோடு வந்தால் கடனை யார் அடைப்பது? துப்பாக்கியை விடக் கடன்காரனுக்குப் பயப்படுகிற நிலைமை! எங்கள் தெரு அக்காவின் கம்மலும் இந்தக் கடனும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

2015-இல் மத்திய அரசு விதியை மாற்றியது. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு நர்சாகப் போக குடியேற்ற அனுமதி வேண்டும், அரசு நிறுவனங்கள் மூலம் போக வேண்டும் என்றது. நம் மாநிலத்துக்குச் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. விதிப்படி ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் மொழிப் பரீட்சை கட்டாயம். தமிழ் மீடியம் பிள்ளைகள் பயப்பட வேண்டாம், ஆனால் இங்கிலீஷ் பீரியடில் தூங்கவும் வேண்டாம். நர்சிங் பாடம் முழுக்க இங்கிலீஷ்தான். முதல் வருடம் நிறையப் பேர் அழுவது அதனால்தானாம்.

கடைசியாக, டீச்சர் வேலை. எம்.எஸ்சி. முடித்தால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 1946-இல் டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-லேயே நர்ஸ் பயிற்சி ஆரம்பித்துவிட்டார். அங்கே பாடம் நடத்துகிறவர்களே வார்டிலும் பொறுப்பு பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்பதுதான் அத்தையின் குறை. "ஒவ்வொரு நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாலயும் கை கழுவணும்னு போர்டுல எழுதிப் போடுதேன். பிள்ளைய வார்டுக்குப் போனா குழாய்ல தண்ணி இல்ல. ஆள் பத்தலன்னு அதுகளையே வேலைக்காரங்க மாதிரி ஓட விடுதாவ. டீச்சர், நீங்க சொன்னது பொய்யான்னு கேக்கா ஒருத்தி. நான் என்ன சொல்ல?" என்றார்கள். அதனால் இப்போது வாரத்தில் இரண்டு நாள் தானும் மாணவிகளோடு வார்டுக்குப் போய் நிற்கிறார்கள். சம்பளம் அதற்காகக் கூடவில்லை.

தமிழ் ஐயா வகுப்பில் ஒரு விஷயம் சொன்னார்கள். சங்கப் பாடல்களில் தலைவி காதலனோடு போய்விட்டால், பாலை வழியில் வெயிலில் தேடிக்கொண்டு போவது செவிலித்தாய். பெற்ற தாய் வீட்டில் அழுதுகொண்டிருப்பாள், நடப்பது செவிலி! 'செவிலியர்' என்ற பேர் அங்கிருந்துதான் வருகிறது.

அத்தை அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தாளில் எழுதி (பேர் போட வேண்டாம்) இந்தப் பலகைக்குக் கீழே தொங்கும் உறையில் போடுங்கள். கல்லூரி நோட்டீஸ் ஏதாவது கையில் இருந்தால் அதையும் போடுங்கள். அங்கீகாரம் உண்டா என்று அத்தையிடம் காட்டி, அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

— பதினோராம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு