கைத்தோல் சுருங்குவது ஏன்? வயதா, வெயிலா?

"ஆயா! உன் கை ஏன் கசங்கின துணி மாதிரி இருக்கு?"

"வயசானா அப்படித்தான் கண்ணு!"

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் பேத்தியும் ஆயாவும் இப்படிப் பேசிக்கொள்வது உண்டு.

ஆயா சொன்ன பதில் சரிதானா?

பாதிதான் சரி! மீதிப் பதில் ஆயாவின் கையிலேயே இருக்கிறது.

ஒரு சிறு சோதனை

வீட்டில் உள்ள பெரியவரின் கையைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே, வெளிப்புறத்துத் தோல் எப்படி இருக்கிறது? மெலிந்து, நுணுக்கமான சுருக்கங்களுடன், புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கும்.

பிறகு அவர் கையைத் தூக்கட்டும். அக்குளுக்கு அருகே, மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். சதை தளர்ந்திருக்கலாம். ஆனால் தோல் பெரும்பாலும் வழவழப்பாகவும், ஒரே நிறமாகவும் இருக்கும்.

இரண்டு தோலுக்கும் வயது ஒன்றுதான்! ஒன்று வெயிலில் இருந்தது. மற்றது நிழலில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கயிற்றுக் கட்டில்

மேல் தோலுக்கு அடியில் இன்னொரு தோல் அடுக்கு இருக்கிறது. அதில் 'கொலாஜன்', 'எலாஸ்டின்' என்ற நார்கள் உள்ளன. கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது. எலாஸ்டின், இழுத்த தோலை ரப்பரைப் போல மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது.

கட்டிலில் கயிறு தளர்ந்தால் என்ன ஆகும்? கட்டில் தொய்ந்துபோகும். தோலும் அப்படித்தான்!

வயது ஏற ஏற, உடம்பு புதிய நார் செய்வது குறைகிறது. இது இயற்கை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களோ, இருக்கிற நாரையும் அறுக்கின்றன. இந்தக் கதிர்கள் கண்ணுக்குத் தெரியாது.

கறுத்த தோலில் 'மெலனின்' என்ற நிறப்பொருள் அதிகம். அது ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் கரிசல் காட்டில் நாற்பது வருஷம் குனிந்து உழைத்தால், அந்தக் காவலும் போதாது.

பாதி முகம் கிழம்!

அமெரிக்காவில் ஒரு லாரி டிரைவர். வயது 69. லாரி ஓட்டியது 28 ஆண்டுகள். அவர் முகத்தின் இடப்பக்கத்தில் மட்டும் ஆழமான சுருக்கங்கள்! வலப்பக்கத்தில் அவ்வளவு இல்லை. 2012-ல் அவர் படம் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது.

காரணம் என்ன? அந்த நாட்டு லாரிகளில் டிரைவர் உட்காருவது இடப்பக்கம். கதிர்களில் ஒரு வகை ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வரும். அது அந்தப் பக்கத்தை மட்டும் தாக்கிவிட்டது!

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி டிரைவருக்கு ஜன்னல் வலப்பக்கம். அவர் தம் வலக்கையைக் கவனிக்க வேண்டும்.

வேறு காரணங்கள்

பீடி, சிகரெட் புகை தோலைச் சீக்கிரம் சுருங்கவைக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு, சில ஆண்டுகளில் கொலாஜன் வேகமாகக் குறையும். உடம்பு திடீரென்று இளைத்தாலும் தோல் தொய்யும். ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

தடுப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 900-க்கும் அதிகமானவர்களிடம் நான்கரை ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. தினமும் வெயில் தடுப்புக் களிம்பு பூசியவர்களுக்கு, இஷ்டம்போல் பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு! இந்த முடிவு 2013-ல் வெளியாயிற்று.

களிம்பு வாங்கக் காசு இல்லையா? கவலை வேண்டாம். வீட்டுக் கொடியிலேயே மருந்து தொங்குகிறது!

மக்காச்சோளக் கொல்லைக்குப் போகும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். தோகை கையை அறுக்காமல் இருப்பதற்காக! அதே சட்டைதான் வெயிலையும் தடுக்கிறது. எனவே தோகை அறுக்காத வெங்காயக் கொல்லையிலும், பருத்திக் கொல்லையிலும் அதைக் கழற்றாதீர்கள்.

துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும். தலைக்கு முண்டாசு அல்லது முக்காடு வேண்டும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கதிர்கள் கடுமை. முடிந்த வேலையை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்ததும், ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயைக் கையில் லேசாகத் தடவுங்கள். வறட்சி குறையும். சுருக்கமும் அவ்வளவாகத் தெரியாது. காரமான சோப்பு வேண்டாம்.

ஏமாறாதீர்கள்!

'ஏழே நாளில் இளமை' என்று விற்கும் களிம்புகளை நம்பாதீர்கள். விழுந்த சுருக்கத்தை அடியோடு போக்கும் களிம்பு கிடையாது. முகம் வெளுக்க விற்கும் சில களிம்புகளில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது உண்டு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்தக் களிம்பானாலும் டாக்டரைக் கேட்டே பூசுங்கள்.

பெரியவர்களின் தோல் மெல்லியது. சிறு இடி பட்டாலும் கிழியும். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முதுகைத் தாங்கித் தூக்குங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

சுருங்கிய கை, உழைத்த கை. அதில் வெட்கம் எதற்கு? ஆனால் பேத்தியின் கையை இன்றே காப்பாற்றலாம்.

இனி ஆயா இப்படிப் பதில் சொல்லட்டும்:

"வயசு மட்டும் இல்லே கண்ணு, வெயிலும்தான்! கொல்லைக்கு வர்றப்போ சட்டையைப் போட்டுக்கிட்டு வா!"