ஆட்டுக்குப் பரண் போடலாமா? முதலில் கணக்கு, பிறகு மரம்



உடுமலை வட்டாரத்தில் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "மேடம், புழக்கடையில ஆட்டுக்குப் பரண் போடலாம்னு இருக்கோம். குழுவுல கடன் கிடைக்குங்களா?"

கடனைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். பரண் எதற்கு, எவ்வளவு பெரிதாக, எந்த மரத்தில் என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஆசாரியிடமோ ஷெட் போடுபவரிடமோ போனால், அவர் சொல்வதுதான் அளவு, அவர் சொல்வதுதான் விலை. அதனால் இந்த மாதம் பரணைப் பற்றிப் பேசுவோம்.

பரண் எதற்கு?

முன்பெல்லாம் வீட்டுக்கு ஒருவர் ஆடு ஓட்டிக்கொண்டு போவார். இப்போது விடிந்தால் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டி வந்து நிற்கிறது, மில் வண்டி வருகிறது. மேய்க்க ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் பல தோப்புகளுக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஆகவே ஆடு கட்டின இடத்திலேயே நிற்கிறது.

ஒரே இடத்தில் நிற்கும் ஆட்டுக்குக் காலடியில்தான் புழுக்கையும் மூத்திரமும். மழை வந்தால் அது சேறாகிவிடும். குளம்பு அழுகல், சளிக்காய்ச்சல், குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல், வயிற்றுப்புழு எல்லாம் இந்த ஈரத்தில்தான் பெருகும். ஆடு குளிரைக்கூடத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது.

எங்கள் குழு அக்கா ஒருவர் ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் மூன்று குட்டிகளை இழந்தார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "குட்டி போயிருச்சுங்க, தவணை போகலீங்களே" என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

பரண் இந்தச் சிக்கலுக்குத்தான். தரையிலிருந்து 4 அடி உயரத்தில், இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த மேடை. புழுக்கையும் மூத்திரமும் இடைவெளி வழியே கீழே விழும். ஆடு நிற்கும் இடம் காய்ந்தே இருக்கும். கீழே சேர்வது நல்ல எரு.

எவ்வளவு பெரிதாகப் போடுவது?

அந்த அக்கா வீட்டில் அடுத்து என்ன நடந்தது தெரியுமா? வீட்டுக்காரர் ஷெட் போடுபவரைக் கூட்டி வந்தார். அவர் 30 அடிக்கு 15 அடி என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் இருந்ததோ நான்கு பெட்டை ஆடு!

நாங்கள் சொல்லும் கணக்கு எளிது. வளர்ந்த பெட்டை ஒன்றுக்கு 12 சதுர அடி, குட்டிக்கு 5 சதுர அடி. அந்தக் கணக்கில் 30 x 15 = 450 சதுர அடியில் 37 பெட்டை ஆடு நிற்கலாம். நான்கு ஆட்டுக்கு எதற்கு அவ்வளவு?

அக்காவுக்கு வேண்டியது இதுதான்:

4 பெட்டை x 12 = 48 சதுர அடி
6 குட்டி x 5 = 30 சதுர அடி
மொத்தம் 78. ஆகவே 10 அடிக்கு 8 அடி போதும்.

அன்றைக்கே வாசலில் கோலமாவால் 10க்கு 8 அடி கோடு போட்டோம். குழுப் பெண்கள் பத்துப் பேர் உள்ளே போய் நின்று பார்த்தார்கள். "தாராளமா இருக்குதே" என்று அந்த அக்காவே சொன்னார். நீங்களும் காசைத் தொடும் முன் இப்படிக் கோடு போட்டுப் பாருங்கள்.

இடமும் திசையும்

* மேட்டு நிலமாக இருக்கட்டும். கிணறு, போர்வெல் பக்கத்தில் வேண்டாம்.
* நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் நேராக உள்ளே அடிக்காது.
* பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் நம் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பக்கத்தை ஆட்டின் உயரத்துக்குத் தட்டி கட்டி அடையுங்கள். அதற்கு மேல் திறந்திருக்கட்டும், காற்றோட்டம் வேண்டும்.
* இடம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். புறம்போக்கிலோ அடுத்தவர் இடத்திலோ கல்லும் சிமெண்டும் போட்டால் நாளைக்கு எடுத்துப் போக முடியாது. போல்ட் முடுக்கிய மரப்பரணைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

10 x 8 அடிப் பரணுக்கு என்னென்ன வேண்டும்?

1. கால்: 9. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. வேலிக்கு நடும் கல்லுக்கால் 6 அடி நீளத்தில் இருந்தால் நல்லது. 2 அடி மண்ணுக்குள், 4 அடி வெளியே. தென்னைமரக் காலை நேரே மண்ணில் நட்டால் சீக்கிரம் இற்றுவிடும், கரையானும் ஏறும்.

2. உத்திரம்: 10 அடி நீளத்தில் 3. ஒவ்வொன்றும் மூன்று கால் மேல் உட்காரும். கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். காலெல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் டியூப் வைத்துப் பாருங்கள். கொத்தனார் செய்வதுதான், நாமும் செய்யலாம்.

3. குறுக்குச் சட்டம்: 8 அடி நீளத்தில் 6. உத்திரத்தின் மேல் 2 அடிக்கு ஒன்று.

4. ரீப்பர்: 2 இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனம், 10 அடி நீளத்தில் 38. நடுவில் அரை இஞ்ச் இடைவெளி. உடைந்தால் மாற்ற இரண்டு சேர்த்து அறுத்து வையுங்கள்.

5. சுற்றிலும் 4 அடி உயரத்துக்குச் சட்டம். அடிப்பக்கம் நெருக்கமாக அடியுங்கள், இல்லையென்றால் குட்டி நுழைந்து விழும்.

6. ஏறுபலகை: 10 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். குளம்பு வழுக்காமல் அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை.

கூரைக்குத் தென்னங்கீற்று போதும், குளுமையாக இருக்கும். சுற்றிலும் 2 அடி வெளியே நீட்டி இறக்குங்கள், சாரல் உள்ளே வராது. காற்றுக் காலத்துக்கு முன் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தகரம் போட்டால் சித்திரை வெயிலில் ஆடு மூச்சு வாங்கும்.

இடைவெளிதான் முக்கியம்

அரை இஞ்சுக்குக் குறைந்தால் புழுக்கை மேலேயே தங்கும். அதிகமானால் குட்டியின் கால் மாட்டும். ஆசாரியிடம் "கொஞ்சம் சந்து விடுங்க" என்று சொன்னால் போதாது. வீடு கட்டும் 12 எம்.எம். கம்பித் துண்டு ஒன்றைக் கொடுத்து, இரண்டு ரீப்பருக்கு நடுவில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். கம்பி கிட்டத்தட்ட அரை இஞ்ச். அளவு தப்பாது.

இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அக்கா வீட்டுப் பரணுக்கு வெட்டி ஒரு வாரமே ஆன தென்னை மரத்தை அறுத்துப் போடச் சொன்னோம். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரம். மாசி பங்குனி வெயிலில் மரம் சுருங்கியது, சில ரீப்பர் வளைந்தும் போனது. வளைந்த இடத்தில் இரண்டு விரல் நுழைந்தது. பிறந்து பத்து நாளான குட்டியின் பின்னங்கால் அதில் மாட்டி முறிந்தது. டாக்டர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். குட்டி பிழைத்தது, ஆனால் நொண்டித்தான் நடந்தது. ரீப்பர் முழுவதையும் பிடுங்கித் திரும்ப அடித்தோம். இரண்டு கூலி.

அதனால் மூன்று விஷயம் மறக்காதீர்கள்:

* பச்சை மரம் வேண்டாம். அறுத்த ரீப்பரை நிழலில், நடுவில் குச்சி வைத்து அடுக்கிக் குறைந்தது 3 மாதம் காய விடுங்கள். பங்குனியில் அறுத்தால் ஆனி கடைசியில் தயார். ஐப்பசி மழைக்கு முன் பரண் நிற்கும்.
* தென்னையில் வயதான மரத்தின் அடிப்பாகம்தான் கெட்டி. அதிலும் வெளிப்பக்கம். நடுப்பாகமும் நுனியும் சோறு மாதிரி. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதிந்தால் ஒதுக்கிவிடுங்கள். வேர்வாடல் நோயால் நம் பக்கம் பல தோப்புகளில் மரம் வெட்டுகிறார்கள். அங்கே கேட்டால் விலை குறைத்துக் கிடைக்கலாம்.
* குட்டி போட்டால் முதல் இரண்டு வாரம் ஒரு மூலையில் பலகை போட்டு மேலே சாக்கு விரியுங்கள். சாக்கைத் தினமும் மாற்றுங்கள்.

ஆணியின் தலை மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் குளம்பைக் கிழிக்கும். ரீப்பருக்குக் கரையான் மருந்து அடிக்காதீர்கள், ஆடு நக்கும்.

கடன் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். குட்டி விற்கிற அளவுக்கு வளர இன்னும் 6 முதல் 8 மாதம். அதாவது முதல் வரவு வர ஏறக்குறைய ஒரு வருஷம். கடன் தவணையோ அடுத்த மாதமே வரும்! அந்த ஒரு வருஷத் தவணையை எந்த வருமானத்தில் கட்டுவீர்கள்? கம்பெனிச் சம்பளத்திலா, பால் காசிலா? பதில் இருந்தால் கடன் கேளுங்கள்.

பரண் குட்டி போடாது, ஆடுதான் போடும். கடன் பணம் முழுவதையும் பரணில் போட்டுவிட்டு ஆடு வாங்கவும் தீவனம் போடவும் காசில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். சிறிதாகப் போடுங்கள். ஆடு பெருகினால் பக்கத்திலேயே இன்னொரு 10 அடி நீட்டிக்கொள்ளலாம்.

தீவனத்தையும் மறக்க வேண்டாம். பரண் ஆடு மேயப் போகாது. வளர்ந்த ஆடு ஒன்றுக்குத் தினமும் 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். பரண் போடும் முன்பே வேலியோரம் அகத்தி, சவுண்டல், வேலிமசால் நட்டுவிடுங்கள். தீவனத்தைத் தொட்டியில் வையுங்கள், காலடியில் போட்டால் பாதி வீண்.

பரண் போட்டால் நோயே வராது என்று நினைக்காதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்து வையுங்கள். பரணுக்கோ ஆட்டுக்கோ அரசு மானியம் இருக்கிறதா என்றும் அப்போதே விசாரியுங்கள். பரணுக்கு அடியில் சேரும் எருவை வாரம் ஒருமுறை கூட்டி அள்ளுங்கள். விட்டால் நெடி மேலே ஏறி ஆட்டுக்கு மூச்சுக்கோளாறு வரும். 4 அடி உயரம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். நாம்தானே குனிந்து உள்ளே போய்க் கூட்டப் போகிறோம்!

கடைசியாக ஒன்று. ஆட்டைப் பார்ப்பது நாம், எருவை அள்ளுவது நாம், தவணை கட்டுவதும் நாம். ஆனால் அளவு பேசும்போது மட்டும் நாம் அடுப்படியில் நிற்கிறோம். அடுத்த முறை ஆசாரி வரும்போது டேப் உங்கள் கையில் இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேர் ஆடு வளர்க்கிறோம்? சென்ற மழைக்காலத்தில் எத்தனை குட்டி இறந்தது?
2. அவரவர் ஆட்டுக்கு எத்தனை சதுர அடிப் பரண் தேவை? இன்றே கணக்குப் போடுங்கள்.
3. நான்கைந்து பேர் சேர்ந்து மரம் வாங்கி அறுத்தால் வண்டி வாடகையும் அறுவைக் கூலியும் எவ்வளவு மிச்சமாகும்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மரத்தை அறுக்கும் முன் கூப்பிடுங்கள், நாங்கள் கோலமாவோடு வருகிறோம்.