விமானிகளை வழிநடத்திய குரல்கள்

யுத்த வரலாறுகளில் விமானிகள் பேசப்படும் அளவுக்கு அவர்களைத் தரையிலிருந்து வழிநடத்தியவர்கள் பேசப்படுவதில்லை. 1938 நவம்பர் 15 ஆம் திகதி அமெரிக்க இராணுவம் விமானப்பாதைத் தொடர்பாடல் பிரிவை ஆரம்பித்தபோது, அதில் மூன்று அதிகாரிகளும் 300 படையினரும் 33 நிலையங்களுமே இருந்தன. பறக்கும் விமானங்களுடன் வானொலித் தொடர்பைப் பேணுவதும் காலநிலைத் தகவல் வழங்குவதும் அதன் பணிகளாகும். இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் நிலையங்கள் எண்ணூறைத் தாண்டின.

1945 ஓகஸ்ட் 28 இல், யப்பான் சரணாகதி ஆவணத்தில் கையொப்பமிட ஐந்து நாட்கள் இருக்கையிலேயே, கேர்ணல் கோர்டன் பிளேக்கின் தொடர்பாடல் குழு முன்னோடிப் படையுடன் அட்சுகி விமானத்தளத்தில் இறங்கியது. அங்கு தரையிறங்கும் விமானங்களை நெறிப்படுத்தும் ஏற்பாடுகளை அக்குழுவே செய்தது. ஜெனரல் மக்ஆதர் வந்திறங்கியது 30 ஆம் திகதியே.

ஆயினும் இப்பிரிவின் பெறுமதி முழுமையாக வெளிப்பட்டது யுத்தகளத்தில் அன்று. 1948 ஜூனில் சோவியத் யூனியன் மேற்கு பேர்லினுக்கான தரைவழிகளை மூடியது. இருபது இலட்சம் மக்களுக்கான மாவும் நிலக்கரியும் வான்வழியே வந்தாக வேண்டும். மூடுபனியில் ஓடுபாதை விமானியின் கண்ணுக்குத் தெரியாது. ராடர் திரையைப் பார்த்திருக்கும் கட்டுப்பாட்டாளர் திசையையும் உயரத்தையும் சொல்லச் சொல்ல, அக்குரலை நம்பியே அவர் இறங்கினார். நெரிசல் மிகுந்த வேளைகளில் மூன்று நிமிடங்களுக்கு ஒரு விமானம் தரைதொட்டது.

முற்றுகை 1949 மே மாதம் நீங்கியது. இப்பிரிவு விமானப்படையின் தனிக் கட்டளைப்பீடமாக உயர்த்தப்பட்டதோ 1961 ஜூலையில்தான்.