மரை வெட்டும் டேப் செட்
எஃகு. மூன்று டேப்புகள், கைப்பிடி, வெட்டுமுகம் தெரியும் தகட்டுத் துண்டு. 20-ஆம் நூற்றாண்டு.

துளையின் உட்சுவரில் திருகாணி ஏறுவதற்கான மரையை வெட்டும் கருவிகள் இவை. முதல் டேப்பின் நுனி நீளமாகச் சரிந்திருக்கும். அது துளைக்குள் நேராக இறங்கி வெட்டைத் தொடங்கும். இரண்டாவது ஆழப்படுத்தும். மூன்றாவது அடிவரை முடிக்கும். எம்6 எனும் மெட்ரிக் அளவுத் திருகாணிக்கு முதலில் 5 மி.மீ. துளை போடப்படும். தொழிலாளி எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே திருப்பி, சற்றுப் பின்னே திருப்புவார். அப்போதுதான் உலோகச் சுருள் உடைந்து விழும். அவசரப்பட்டால் டேப் துளைக்குள்ளேயே முறிந்துவிடும்.

மெல்லிய தகட்டில் சிக்கல் வேறு. எம்6 மரையின் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. உயரம் வேண்டும். 1.2 மி.மீ. தகட்டில் ஒரு சுற்றுக்குச் சற்றே கூடுதலாகத்தான் பிடிப்பு கிடைக்கும். பலமாக இறுக்கினால் மரை பிய்ந்துவிடும். இதற்கான தீர்வைத் தகட்டுத் துண்டில் காணலாம். முதலில் சிறு துளையிட்டு, அதைவிடப் பெரிய பஞ்ச் கருவியை அதில் அழுத்தும்போது, விளிம்பு குழல் போல மறுபக்கம் நீள்கிறது. அந்தக் கழுத்தில் மரை வெட்டினால் கூடுதல் சுற்றுகள் கிடைக்கும். தனி நட்டும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். தகட்டின் உலோகமே போதும். மிக நேர்த்தியான உத்தி இது.

ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் துளையில் பொருந்தாத காலம் இருந்தது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-இல் 55 பாகைக் கோணத்தில் பொது மரை அளவுகளை முன்மொழிந்தார். இங்குள்ள டேப்புகள் பின்னர் வந்த 60 பாகை மெட்ரிக் மரைக்கு உரியவை.