ஈரற் புற்றுநோயும் இருவகைச் சத்திரசிகிச்சையும்

உடலின் உள்ளுறுப்புகளுள் அளவிற் பெரியது ஈரல். குருதி மிகுந்தோடும் அவ்வுறுப்பிற் கத்தி வைத்தலை மருத்துவர் நெடுங்காலம் அஞ்சினர். 1952இல் பாரிசைச் சேர்ந்த லோர்த்தா-ஜக்கோப் ஈரலின் வலப்பாகத்தை ஒழுங்குபட அகற்றும் முறையை அறிவித்தமையும், 1957இல் குய்னோ ஈரலை எட்டுத் துண்டங்களாக வகுத்துக் காட்டியமையும் அவ்வச்சத்தைத் தணித்தன.

அம்முறை திறந்த சத்திரசிகிச்சையாகும். விலாவெலும்பின் கீழ் வயிற்றை நீளப் பிளந்து, ஈரலைக் கண்ணாற் கண்டும் கையாற் தொட்டும் கட்டியை அகற்றுவர். 1990ஆம் ஆண்டுகளிற் பரவிய சிறுதுளை முறையிலோ, வயிற்றினுட் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி இடம் விரித்து, சில துளைகளின் வழியே ஒளிப்படக் கருவியையும் நீண்ட ஆயுதங்களையும் புகுத்துவர். வெட்டிய பகுதியை உறையிலிட்டுச் சிறிய வெட்டொன்றினூடாக வெளியே எடுப்பர்.

இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே: கட்டியை நலமான இழையத்தின் விளிம்போடு முற்றாக நீக்கி, உயிர் வாழ்தற்குப் போதிய ஈரலை எஞ்சவிடல். வாயுவின் அமுக்கம் நாளக் கசிவைக் குறைக்கும். திரையிற் காட்சி பெரிதாகத் தோன்றும். ஆயினும் கையின் தொடுவுணர்வு அங்கில்லை. கழியொலிக் கருவியே அக்குறையை நிரப்பும். பெருங்குழாய்களை அண்டிய கட்டிகளுக்கும், திடீர்க் குருதிப்பெருக்கிற்கும் திறந்த முறையே பெரும்பாலும் தக்கதாகும்.

நோர்வேயின் ஒசுலோ நகரிற் குடற் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய 280 நோயாளரை இருபாலாகப் பிரித்து ஆய்ந்தனர். 2018இல் வெளிவந்த அதன் முடிவின்படி, சிக்கல்கள் சிறுதுளை முறையில் நூற்றுக்கு 19, திறந்த முறையில் 31. வைத்தியசாலையிற் தங்கிய காலம் முறையே 53 மணியும் 96 மணியுமாகும். ஐந்தாண்டு உயிர்வாழ்வோ இருசாராரிடத்தும் ஏறத்தாழச் சமமே. ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய்க்கு இம்முடிவை அப்படியே பொருத்துதல் தகாது. ஈரலரிப்பு உடன் இருத்தலால் அங்கு இடர் மிகும்.

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டார்க்கு இவ்வொப்பீடு ஏட்டளவினதன்று. நுவரெலியா, மாத்தளைப் பகுதி நோயாளரும் கண்டித் தேசிய வைத்தியசாலையை நாடுகின்றனர். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடமும் அண்மையிலேயே உள்ளது. கொழுந்துக்கூடை சுமந்து நாட்சம்பளம் பெறும் தொழிலாளிக்கு, வயிற்றில் நீண்ட வடு என்பது பல கிழமை வருவாயிழப்பாகும். தசை நலிந்து குடலிறக்கம் நேரின் சுமை தூக்குதலே அரிதாகும்.

எனினும், சிறு வடுவை விரும்பித் தகாத கட்டிக்குத் துளை முறையை வேண்டுதல் அறிவுடைமையன்று. கட்டியின் இடமும், எஞ்சும் ஈரலின் வலிமையும், சத்திரவைத்தியரின் பயிற்சியுமே முறையைத் தெரிவு செய்தல் வேண்டும். இவற்றினும் முந்தியது காலம். இலங்கையில் மதுவும் ஈரலிற் படியும் கொழுப்பும் இந்நோய்க்கு முதன்மையான காரணங்கள். ஈரலரிப்புடையோர் ஆறு மாதத்திற்கொரு முறை கழியொலிச் சோதனை செய்துகொள்வராயின், கட்டி சிறிதாயிருக்கும்போதே புலப்படும். அப்பொழுதே இரு முறைகளுள் ஒன்றைத் தெரியும் வாய்ப்பு உண்டாகும். முற்றிய நோய்க்கு அத்தெரிவு இல்லை.