ஏழு பைட்டில் ஒரு பிரபஞ்சம்!



உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போனில் நினைவகம் எவ்வளவு என்று கேட்டால், "நாலு ஜிபிதான், பத்தவே மாட்டேங்குது" என்பீர்கள். அந்த நாலு ஜிபியை 48 கிலோபைட்டால் வகுத்துப் பாருங்கள். 87,381 வரும். 1982-இல் இங்கிலாந்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு பையனுக்குக் கிடைத்தது இந்த 87,381-இல் ஒரு பங்கு! அதை வைத்துக்கொண்டு அவனும் அவன் வயதுக்காரர்களும் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"பழைய வீடியோ கேம் கதையெல்லாம் மலருக்கு எதுக்கப்பா?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதை நம் மைக்ரோபிராசஸர் லேப் அலமாரி வரைக்கும் வருகிறது.

கண் சிமிட்டும் கர்சர்

1982 ஏப்ரலில் சின்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. 16 கே மாடல் 125 பவுன், 48 கே மாடல் 175 பவுன். ரப்பர் பொத்தான்கள். தனியாக மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில் சொருக வேண்டும். டிஸ்க்கும் கிடையாது. பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டரும் காசெட்டும்தான் சேமிப்புக் கிடங்கு.

டேப்பில் புரோகிராம் எப்படி நிற்கும்? ஒலியாகத்தான். 0 என்றால் குட்டை அலை, 1 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளமான அலை. கேட்டால் 'கீய்ய்ங்' என்று காதைக் குடையும். ஒரு திரைப்படம் மட்டும் ஏறுவதற்கே ஏறக்குறைய 40 விநாடி. ஒரு முழு ஆட்டம் ஏற நாலைந்து நிமிடம். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுவிட்சைப் போட்டதும் ஸ்பெக்ட்ரத்தில் ஆப் வரிசை வராது, விளம்பரம் வராது. 'நீ ஏதாவது எழுது' என்று பேசிக் மொழியோடு காத்திருக்கும். 'பி' பொத்தானை அமுக்கினால் 'பிரிண்ட்' என்ற முழுச் சொல்லும் விழும். உள்ளே அது ஐந்து எழுத்தாக நிற்காது, 245 என்ற ஒரே பைட்டாக நிற்கும். இடம் மிச்சம், டைப்படிக்கிற நேரமும் மிச்சம்.

புரோகிராம் எங்கே கிடைக்கும்? 'சின்க்ளேர் யூசர்' போன்ற மாதப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அச்சாகும். வாங்கி வந்து ராத்திரி முழுக்க டைப் அடிக்க வேண்டியதுதான். ஒரு எண் மாறினாலும் ஆட்டம் ஓடாது. எந்த வரியில் பிழை என்று தேடித் தேடியே, அந்த வரி என்ன வேலை செய்கிறது என்பது புரிந்துபோகும். டியூஷன் வாத்தியார் இல்லாமலே பாடம் நடந்துவிடும்!

திரையின் கணக்கு

ஸ்பெக்ட்ரம் ஆட்டங்களின் படங்களைப் பார்த்தால், ஒரு பொம்மை இன்னொன்றின் அருகே போனதும் நிறம் ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் மட்டமான மெஷின் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 192 புள்ளி. மொத்தம் 49,152. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 6,144 பைட். ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு நிறங்களில் ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் மூன்று பிட் வேண்டும், அதாவது 18,432 பைட். 16 கே என்பதே 16,384 பைட்தான். படம் வரைவதற்கே மெஷின் போதாது!

அதனால் என்ன செய்தார்கள்? திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தார்கள். குறுக்கே 32, நெடுக்கே 24, ஆக 768 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட், இரண்டே நிறம். 6,144-உடன் 768-ஐக் கூட்டினால் 6,912 பைட்டில் வண்ணத்திரை முடிந்தது. பொம்மையில் நிறம் ஒட்டிக்கொள்வது இந்தச் சிக்கனத்துக்குக் கொடுத்த விலை. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. எந்தப் பைட் எந்தக் கட்டத்துக்கு என்று அந்தப் பையனுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

1983-இல் மேத்யூ ஸ்மித் என்ற 17 வயதுப் பையன் 'மேனிக் மைனர்' எழுதினான். இருபது சுரங்க அறைகள். ஓர் அறைக்குச் சரியாக 1,024 பைட். முகவரி 45056-இல் முதல் அறை ஆரம்பிக்கிறது, இருபதாவது அறை 65535-இல் முடிகிறது. அதற்கு மேல் முகவரியே கிடையாது! நிலத்தின் கடைசி அங்குலம் வரைக்கும் சுவர் எழுப்பிய வீடு அது.

அதே ஆட்டத்தில் சாகாவரம் வாங்க ஒரு வழி உண்டு. 35136-ஆம் முகவரியில் 0 வைத்துவிட்டால் போதும். மந்திரம் ஒன்றுமில்லை. உயிரின் எண்ணிக்கையைக் குறைக்கிற கட்டளை அங்கே இருந்தது. அந்த இடத்தில் 00 வைத்தால் 'நோ ஆபரேஷன்', அதாவது 'சும்மா இரு'. இப்போது இரண்டாம் ஆண்டு நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நம் 8085-இலும் 00 என்றால் அதேதானே!

ஆமாம். ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட்80 சிப். இண்டெலில் 8080 சிப்பை உருவாக்கியதில் முக்கியமானவரான ஃபெடரிகோ ஃபாகின் வெளியே வந்து, ஸைலாக் நிறுவனத்தைத் தொடங்கிச் செய்தது, 1976-இல் வந்தது. 8080-இன் கட்டளை எண்களை அது அப்படியே ஏற்கும். 8085-உம் ஏற்கும். ஆக இரண்டும் பங்காளிகள்! அசல் இசட்80-இன் தயாரிப்பை நிறுத்துவதாக ஸைலாக் 2024-இல்தான் அறிவித்தது. 48 வருஷம் ஓடிய சிப்!

விதை நெல் தந்திரம்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. 1984-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், டேவிட் பிரேபென், இயன் பெல், 'எலைட்' என்ற விண்வெளி வியாபார ஆட்டத்தை எழுதினார்கள். மெஷின் பிபிசி மைக்ரோ, நினைவகம் 32 கே. ஆட்டத்தில் எட்டு நட்சத்திர மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரக அமைப்புகள். மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசாங்கம், தொழில், விலைவாசி என்று 20 பைட் ஒதுக்கினாலே 40 கே ஆகிவிடும். இருப்பதோ 32!

அவர்கள் கிரகங்களைச் சேமிக்கவே இல்லை. மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: 23114, 584, 46931. ஆளுக்கு இரண்டு பைட், மொத்தம் ஆறு பைட். இதுதான் விதை நெல். மூன்றையும் கூட்டு. 70,629 வரும். இரண்டு பைட்டில் 65,535-க்கு மேல் நிற்காது, வழிவது போக மீதி 5,093. முதல் எண்ணைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் ஓரிடம் முன்னால் நகர்த்தி, 5,093-ஐக் கடைசியில் வை. இதை நாலு தடவை செய்தால் அடுத்த கிரகம். அந்த எண்களின் சில பிட்டுகள் அரசாங்கத்தைச் சொல்லும், சில பிட்டுகள் தொழிலைச் சொல்லும், சில பிட்டுகள் இரண்டெழுத்துத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பெயர் வைக்கும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கிரகம் அதே இடத்தில் அதே பெயரோடு முளைக்கும்.

அடுத்த மண்டலத்துக்குப் போக? ஆறு பைட்டையும் ஒவ்வொரு பிட் இடப்பக்கம் சுழற்று. எட்டுத் தடவை சுழற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும். மண்டலங்கள் எட்டு என்பதன் ரகசியம் இதுதான். ஒரு வேடிக்கையும் உண்டு. சோதனையில் ஒரு கிரகத்துக்கு இங்கிலீஷ் கெட்ட வார்த்தை பெயராக அமைந்துவிட்டதாம். ஒரு பெயரை மட்டும் திருத்த வழியில்லை. அந்த மண்டலத்தையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று!

பிபிசி மைக்ரோவில் இருந்தது 6502 சிப். ஆனால் இந்தத் தந்திரத்தை நம் லேப் 8085 கிட்டிலேயே செய்யலாம், நான் செய்து பார்த்தேன். மூன்று விதை எண்கள், எச்எல், பிசி, டிஈ என்று மூன்று ரெஜிஸ்டர் ஜோடிகள். என்ன பொருத்தம் பாருங்கள்! ஸ்டாக் பாயிண்டரை முதலில் செட் பண்ணிக்கொண்டு, இதைப் போடுங்கள்:

டேட் பி – 09
டேட் டி – 19
எக்ஸ்சேஞ்ச் – ஈபி
புஷ் பி – சி5
மூவ் பி, எச் – 44
மூவ் சி, எல் – 4டி
பாப் எச் – ஈ1

ஏழே பைட்! ஒரு தடவை ஓட்டினால் டிஈ ஜோடியில் 13ஈ5 வந்து நிற்கும். அதைப் பதின்ம எண்ணாக மாற்றிப் பாருங்கள், 5,093! இதே ஏழு பைட், ஒரு எழுத்துகூட மாறாமல், ஸ்பெக்ட்ரத்திலும் ஓடும். பங்காளி என்று சும்மாவா சொன்னேன்!

அந்தப் பொழுதுபோக்கு எங்கே போனது?

பிபிசி மைக்ரோ விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. சிப் வந்தால் வேலை போகுமோ என்ற கவலையை 1978-இல் பிபிசி ஒரு ஆவணப்படத்தில் காட்டியது. நாடே கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று திட்டம் போட்டு, 1982-இல் டிவி பாடமும் நடத்தினார்கள். அதற்காக ஏகார்ன் நிறுவனம் செய்த மெஷின் அது. 1984-85-இல் நம் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கும் இதே பிபிசி மைக்ரோதான் வந்தது.

அதை வடிவமைத்தவர்களில் இருவர், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும், அடுத்து ஒரு புதிய சிப் செய்தார்கள். வில்சன் அதன் கட்டளைகளை முதலில் பிபிசி பேசிக்கிலேயே எழுதி ஓட்டிப் பார்த்தார். 1985-இல் சிப் வேலை செய்தது. பெயர் ஆர்ம். இன்று நம் எல்லார் செல்போனிலும் அந்த வம்சத்துச் சிப்தான் ஓடுகிறது. பின்னால் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதிய பழக்கம் குறைந்துபோயிருந்தது. அந்தக் கவலையில்தான் 2012-இல் ராஸ்பெர்ரி பை வந்தது. அதற்கான அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் எலைட் எழுதிய பிரேபெனும் ஒருவர்.

நான் சொல்ல வருவது இதுதான். எனக்குச் சொந்தமாக லேப்டாப் கிடையாது. இதைப் படிக்கிற பலருக்கும் இருக்காது. "டிப்ளமோதானே, அதுவும் லேப்டாப் இல்லாம என்னத்தக் கத்துக்கப் போற?" என்று கேட்கிறவர்கள் ஊரில் உண்டு. கையில் இருக்கிற போனோ தன் ஒரு பைட்டைக்கூட நமக்குத் திறந்து காட்டாது. ஆனால் லேப் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற 8085 கிட் ஒவ்வொரு முகவரியையும் காட்டும், மாற்றவும் விடும். ரிக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு அதை மறந்துவிடுகிறோம். இண்டர்வியூவில் "ஒரு மெஷினை முழுசாகத் தெரியுமா?" என்று கேட்டால், "தெரியும் சார், இது எட்டு பிட், இன்னின்ன முகவரியில் இன்னின்னது" என்று தலை நிமிர்ந்து சொல்ல அந்தக் கிட் போதும்.

ஆகவே தோழர்களே, வியாழக்கிழமை லேப் முடிந்து பத்து நிமிடம் மிச்சம் இருந்தால், இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் சொல்லிவிட்டு அந்த ஏழு பைட்டைப் போட்டுப் பாருங்கள். நாலு தடவை ஓட்டுங்கள். உங்கள் கையால் இரண்டாவது கிரகம் பிறக்கும். மீதி 2,046 கிரகங்களை அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை